ஏழாம் நம்பர் ரயிலும் ஒரு தட்டு மோமோவும்

நியூயார்க்கின் குயின்ஸ் பகுதியைப் பற்றி எழுதப்படும் சாப்பாட்டுக் கட்டுரைகளுக்கு ஒரு வாய்பாடு உண்டு. மான்ஹாட்டனில் ஏழாம் நம்பர் ரயிலில் ஏற வேண்டும். ஆற்றுக்கு அடியில் போய் வெளியே வந்ததும் ரயில் தூண்கள் மேல் ஏறி ஓடும், அதைப் பற்றி ஒரு பத்தி. 74-ஆம் தெரு நிறுத்தத்தில் இறங்கியதும் நெய் வாசனை, அத்தர் வாசனை, சோளக்கதிர் சுடும் புகை, அதற்கு ஒரு பத்தி. அப்புறம் மோமோ, புச்கா, பிரியாணி, தாய்லாந்து நூடுல்ஸ், பிலிப்பைன்ஸ் பார்பிக்யூ என்று வரிசையாக ஐந்து கடை. கடைசியில் "பாஸ்போர்ட் இல்லாமல் ஆசியாவைச் சுற்றி வந்துவிட்டேன்" என்ற ரகத்தில் ஒரு முடிப்பு. யூடியூபில் இதே வாய்பாடு கொஞ்சம் சத்தமாக இருக்கும், அவ்ளோதான் வித்தியாசம்.

ஒரு சின்ன விஷயம் முதலில். அந்த வட்டாரத்தில் குடியிருப்பவர்கள் மான்ஹாட்டனில் இருந்து வீடு திரும்ப முடிந்தவரை ஏழாம் நம்பரைப் பிடிப்பதில்லை. அதே நிலையத்துக்குக் கீழே, நிலத்தடியில் 'ஈ' ரயிலும் 'எஃப்' ரயிலும் விரைவு வண்டிகளாக வந்து நிற்கின்றன. சீக்கிரம் போய்ச் சேர வேண்டியவர் அதில்தான் ஏறுவார். மேலே ஓடும் ரயில் காட்சிக்கு நல்லது, ஜன்னலில் ஊர் தெரியும். எழுதுகிறவரும் குடியிருப்பவரும் ஒரே நிலையத்துக்கு வேறு வேறு ரயிலில் வருகிறார்கள் என்பதை நான் உவமையாகச் சொல்லவில்லை, நடப்பதைத்தான் சொல்கிறேன்.

இந்த வகை எழுத்தின் மேல் எனக்குள்ள புகார், அது மேலோட்டமானது என்பதல்ல. மேலோட்டமாக எழுதினாலும் நல்ல கடையைக் காட்டிக்கொடுத்தால் அதற்கு ஒரு மரியாதை உண்டு. புகார் வேறு. இந்த எழுத்தில் பன்மை என்பது வானிலை மாதிரி வருகிறது. மழை பெய்தது, வெயில் அடித்தது, இங்கே இத்தனை நாட்டுச் சாப்பாடு இருக்கிறது. ஏன் இந்த நாடுகள், ஏன் இந்தத் தெருவில், ஏன் இந்த விலையில் என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால் கிடைக்கும் பதில்கள் மோமோவைவிட ருசியானவை என்று நான் நினைக்கிறேன். அதற்காகத்தான் இந்தக் குறிப்பு.

ஜாக்சன் ஹைட்ஸ் என்ற இடம் பிறந்தபோதே பன்மையாகப் பிறக்கவில்லை. 1910-களில் குயின்ஸ்பரோ கார்ப்பரேஷன் என்ற நிறுவனம் வயல்வெளிகளை வாங்கி, நடுவில் தோட்டம் வைத்த அடுக்குமாடிகளைக் கட்டி, மான்ஹாட்டனின் நடுத்தர வர்க்கத்துக்கு விற்றது. ரூஸ்வெல்ட் அவென்யூ மேல் 1917-இல் ரயில் வந்ததும் வியாபாரம் சூடுபிடித்தது. யூதர்களுக்கும் கருப்பினத்தவருக்கும் அங்கே வீடு கிடையாது, அது விற்பனைக் கொள்கையாகவே இருந்தது. இன்றைக்கு 'உலகிலேயே பன்முகமான அஞ்சல் வட்டாரங்களில் ஒன்று' என்று பெருமை பேசும் இடம், கதவைச் சாத்தி வைக்கும் வசதிக்காகவே கட்டப்பட்டது. அந்தச் செங்கல் கட்டிடங்கள் அழகானவை, இன்றும் இருக்கின்றன. பெரும்பாலான உணவுக் கட்டுரைகள் அவற்றைத் தாண்டித்தான் கடைக்குப் போகின்றன. ஒரு வரி எழுதியிருக்கலாம்.

கதவைத் திறந்தது சட்டம். 1965-இல் அமெரிக்கக் குடியேற்றச் சட்டம் மாறியது, ஆசியர்களுக்கு எதிரான நாட்டு ஒதுக்கீடுகள் போயின. படித்தவர்கள் முதலில் வந்தார்கள், மருத்துவர், பொறியாளர், செவிலியர். எல்ம்ஹர்ஸ்ட் மருத்துவமனை போன்ற இடங்களில் வேலைக்கு வந்த பிலிப்பினோ செவிலியர்கள் பக்கத்து உட்சைடில் வீடு பார்த்தார்கள். அவர்களுக்குப் பின்னால் பேக்கரி, பணம் அனுப்பும் கடை, வாழைப்பூவும் உலர்மீனும் விற்கும் மளிகை, பன்றிக்கறி சுடும் கடை. ரூஸ்வெல்ட் அவென்யூவின் அந்தத் துண்டை இப்போது 'லிட்டில் மணிலா' என்று பலகை வைத்தே அழைக்கிறார்கள். ஒரு மருத்துவமனையின் ஆள்சேர்ப்பு ஒரு தெருவின் சாப்பாட்டை முடிவு செய்த கதை இது.

74-ஆம் தெருவின் கதை மின்சாரத்தில் தொடங்குகிறது. 1970-களில் 'சாம் அண்ட் ராஜ்' என்ற கடை அங்கே வந்தது. ஊருக்குப் போகும் இந்தியர்கள் எடுத்துப்போக 220 வோல்ட்டில் ஓடும் மிக்ஸி, டேப் ரெக்கார்டர் வகையறாக்கள் விற்ற கடை. அமெரிக்காவில் 110 வோல்ட், நம்ம ஊரில் 220. இந்த வித்தியாசம்தான் முதலீடு. வெகுதூரத்தில் இருந்தும் குடும்பம் குடும்பமாகக் காரில் வந்து சாமான் வாங்கினார்கள். வந்தவர்களுக்குப் பசிக்குமே? புடவைக் கடை, நகைக்கடை, மளிகை, சாப்பாட்டுக் கடை எல்லாம் அந்தப் பசிக்கும் அந்த வாடிக்கையாளருக்கும் பின்னால் வந்தவை. பெயர்பெற்ற 'ஜாக்சன் டைனர்' பழைய அமெரிக்க டைனர் ஒன்றின் பெயரை அப்படியே வைத்துக்கொண்டு தந்தூரி விற்கத் தொடங்கிய கடை. பெயர்ப்பலகை மாற்றும் செலவு மிச்சம் என்று நான் நினைத்துக்கொள்வேன், வேறு காரணமும் இருக்கலாம்.

இந்த இந்தியர்களில் பெரும்பாலோர் அங்கே தங்கவில்லை. லாங் ஐலண்டுக்கும் நியூ ஜெர்சிக்கும் போய்விட்டார்கள், அங்கே அவர்களுக்கென்று தனிக் கடைத்தெருக்கள் உருவாகிவிட்டன. 'லிட்டில் இந்தியா' என்ற பெயர் மட்டும் 74-ஆம் தெருவில் தங்கிவிட்டது. பெயருக்குக் கீழே நாடு மாறிக்கொண்டே இருந்தது.

எப்படி மாறியது என்பதற்கு இன்னொரு சட்டம். 1990-இல் வந்த குடியேற்றச் சட்டம் 'டைவர்சிட்டி விசா' என்ற குலுக்கலைக் கொண்டுவந்தது. அமெரிக்காவுக்கு அதிகம் பேரை அனுப்பாத நாடுகளுக்கு மட்டும் அதில் இடம். இந்தியாவுக்கு இல்லை. வங்காளதேசத்துக்கு இருந்தது, ஆனால் வந்தவர்கள் எண்ணிக்கை கூடியதும் அதன் பெயர் பட்டியலில் இருந்து போய்விட்டது. நேபாளத்துக்கு உண்டு. அதே சட்டத்தில் இந்தியாவிலும் நேபாளத்திலும் அகதிகளாக இருந்த திபெத்தியர்களுக்கென்று 1,000 விசாக்கள் தனியாக ஒதுக்கப்பட்டன. அந்த ஆயிரம் பேர் பிறகு குடும்பத்தை அழைத்துக்கொண்டார்கள். 2015 நிலநடுக்கத்துக்குப் பிறகு அமெரிக்காவில் இருந்த நேபாளிகளுக்குத் தற்காலிகப் பாதுகாப்பு கிடைத்தது. இப்போது 74-ஆம் தெருவில் நின்று சுற்றிப் பாருங்கள். ஏன் வங்காளதேசம், ஏன் நேபாளம், ஏன் திபெத் என்பது புரிந்துவிடும். மெனு அட்டையை விசாச் சட்டத்தின் பின்னிணைப்பாக வாசிக்கலாம், பெரிய தவறு வராது.

திபெத்தியர் என்றால் நமக்கு நினைவுக்கு வருவது ஊட்டியில் தாவரவியல் பூங்கா பக்கம் ஸ்வெட்டர் விற்கும் கடைகள். ஜாக்சன் ஹைட்ஸில் மோமோ மடிக்கும் கைகளில் பல, திபெத்தைப் பார்த்ததே இல்லாத கைகள். பைலகுப்பேயிலோ முண்ட்கோடிலோ பிறந்து, கர்நாடகத்துப் பள்ளியில் படித்து, டெல்லி மஜ்னு கா டிலாவில் சில வருடம் இருந்துவிட்டு வந்தவர்களின் கைகள். அவர்கள் செய்வதை 'இமயமலையின் தூய சுவை' என்று எழுதும்போது எனக்குச் சிரிப்பு வரும். லாபிங் என்று ஒன்று இருக்கிறது. பச்சைப்பயறு மாவில் செய்த வழுவழுப்பான ஜெல்லியைப் பட்டையாக வெட்டி, பூண்டுத் தண்ணீர், சோயா, வினிகர், மிளகாய் எண்ணெய் ஊற்றித் தருவது. வாயில் வைத்தால் முதலில் குளிர்ச்சி, அப்புறம் காரம். அது சிச்சுவானின் லியாங்ஃபென். பெயரே அதிலிருந்து வந்ததுதான். சீனத்திலிருந்து திபெத்துக்கு, திபெத்திலிருந்து அகதி முகாமுக்கு, அங்கிருந்து டெல்லிக்கு, டெல்லியிலிருந்து குயின்ஸுக்கு என்று வந்த பண்டம். சீனத்தை எதிர்த்துப் பதாகை பிடிக்கும் ஒருவர் மாலையில் அதை ஆசையாகச் சாப்பிடுவார். அதில் முரண் எதுவும் இல்லை, நாக்குக்கு எல்லைக்கோடு கிடையாது. ஆனால் 'தூய' என்ற சொல்லை அந்தத் தட்டுக்குப் பக்கத்தில் வைக்கக் கூடாது.

மோமோவிலும் இப்படித்தான். திபெத்தியக் கடையில் மாட்டிறைச்சி மோமோ, மாவு கொஞ்சம் தடிமன், உள்ளே சாறு, வெளியே மிளகாய்த் துவையல். நேபாளக் கடையில் ஜோல் மோமோ கேளுங்கள். தக்காளி, எள், திமூர் போட்ட குழம்பில் மோமோ மிதக்கும். திமூர் சிச்சுவான் மிளகின் சொந்தக்காரன், நாக்கை லேசாக மரத்துப்போகச் செய்யும். லாசாவுக்கும் காத்மாண்டுவுக்கும் இடையே வியாபாரம் செய்த நேவார் வணிகர்கள் மோமோவை நேபாளத்துக்குக் கொண்டுவந்தார்கள் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் வரலாறு. ஜாக்சன் ஹைட்ஸில் அதற்கு மூன்றாவதாக ஒரு பிறவி: ஹலால் மோமோ. வாடிக்கையாளரில் பாதிப்பேர் வங்காள முஸ்லிம்கள் என்றால் வேறென்ன செய்வது? அந்த வட்டாரத்திலேயே எனக்குப் பிடித்த பெயர்ப்பலகை 'மெரிட் கபாப் அண்ட் டம்ப்ளிங் பேலஸ்'. கபாபும் மோமோவும் ஒரே கல்லாப்பெட்டியில். ஆசியப் பன்மை பற்றி எழுதப்பட்ட பல ஆய்வுக் கட்டுரைகளைவிட அந்தப் பலகை நேர்மையானது. அதற்குத் தெரிந்தது இரண்டு விஷயம்: வாடகை கட்ட வேண்டும், பக்கத்து வீட்டுக்காரருக்கும் விற்க வேண்டும்.

'இந்தியன்' என்ற சொல்லைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நியூயார்க்கில் 'இந்தியன் ரெஸ்டாரண்ட்' என்று போர்டு வைத்த கடைகளில் ரொம்பக் காலமாகச் சமைத்தது சில்ஹெட்காரர்கள், இன்றைய வங்காளதேசத்தின் வடகிழக்கு மூலை. மான்ஹாட்டன் கிழக்கு 6-ஆம் தெருவில் ஒரு காலத்தில் வரிசையாக இருந்த 'இந்திய' கடைகள் அவர்களுடையவை. அதற்கும் முன்னால் கப்பலில் கொதிகலன் அறையில் வேலை பார்த்துவிட்டு நியூயார்க் துறைமுகத்தில் இறங்கி ஊருக்குள் மறைந்துபோன வங்காள மாலுமிகள் இருக்கிறார்கள். ஹார்லெமில் கருப்பினப் பெண்களையும் போர்ட்டோ ரீக்கோப் பெண்களையும் மணந்து வாழ்ந்தவர்கள். விவேக் பால்ட் 2013-இல் வெளியிட்ட 'பெங்காலி ஹார்லெம்' அவர்களைப் பற்றிய புத்தகம், கிடைத்தால் படியுங்கள். அவர்களில் சிலரும் சாப்பாட்டுக் கடை வைத்தார்கள், அங்கும் 'இந்தியன்' என்ற சொல்தான் விற்றது. வாங்குகிறவருக்குத் தெரிந்த ஒரே சொல் அதுதான்.

இதை மனசில் வைத்துக்கொண்டு இன்றைக்கு 73-ஆம் தெருவுக்கும் 37-ஆம் அவென்யூவுக்கும் போனால் வித்தியாசம் கண்ணில் படும். அங்கே தள்ளுவண்டியில் விற்பது புச்கா என்றே எழுதியிருக்கிறார்கள், பானிபூரி என்று மொழிபெயர்க்கவில்லை. உள்ளே மசித்த பட்டாணி, வெங்காயம், பச்சை மிளகாய், மேலே துருவிய அவித்த முட்டை, பக்கத்தில் புளித்தண்ணீர். முட்டை விழுந்ததும் அது வேறு பண்டம் ஆகிவிடுகிறது. ஜால்முரி நம்ம மசாலாப் பொரிதான், கடுகெண்ணெய் மட்டும் மூக்கில் ஏறும். பின்னிரவு வரைக்கும் கூட்டம் நிற்கிறது, வங்காளத்தில்தான் பேச்சு. தன் பெயரில் விற்கும் தைரியம் எப்போது வருகிறது? தன் ஆட்களே வாங்கிக் காலி செய்யும் அளவுக்கு ஊரில் ஆள் சேர்ந்த பிறகு. இதை உணவு விமர்சகர்கள் வளர்த்துவிடவில்லை. அவர்கள் வந்தபோது வண்டிகளைச் சுற்றி ஏற்கெனவே வரிசை இருந்தது.

சரி, விலைக்கு வருவோம். கிருஷ்ணேந்து ரேயின் 'தி எத்னிக் ரெஸ்டாரேட்டர்' (2016) இந்த விஷயத்தில் தவிர்க்க முடியாத புத்தகம். ரே ஒடிசாக்காரர், அமெரிக்காவின் பெரிய சமையல் கல்லூரி ஒன்றில் பல வருடம் பாடம் நடத்திவிட்டு நியூயார்க் பல்கலைக்கழகத்தில் உணவியல் பேராசிரியரானவர். அவர் வாதத்தைச் சுருக்கிச் சொன்னால்: ஒரு நாட்டுச் சாப்பாட்டுக்கு அமெரிக்கர் எவ்வளவு விலை கொடுக்கத் தயார் என்பது அந்த நாட்டிலிருந்து வரும் மனிதர்களின் மதிப்போடு சேர்ந்து ஏறி இறங்குகிறது. ஜப்பான் பணக்கார நாடாகி, அங்கிருந்து ஏழைகள் வருவது நின்றதும் சுஷி மேலே போனது. ஏழைகள் வந்துகொண்டே இருக்கும் நாடுகளின் சாப்பாடு, எவ்வளவு உழைப்பு போட்டாலும், 'மலிவாக இருக்க வேண்டிய' சாப்பாடாகவே நிற்கிறது. சகாட் போன்ற உணவக வழிகாட்டிகளின் விலைப் பட்டியலை வைத்து இதைக் காட்டுகிறார். இன்னொன்றும் சொல்கிறார், எனக்கு அது இன்னும் முக்கியம்: ருசியைப் பற்றி எழுதிய சமூகவியலாளர்கள் சாப்பிடுகிறவரைப் பற்றியே எழுதினார்கள், சமைத்துப் போட்டவருக்கும் ருசி பற்றி ஒரு கருத்து இருக்கும் என்று நினைக்கவே இல்லை.

இந்தப் புத்தகத்தை நான் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்ப்பேன். ஆனாலும் ஜாக்சன் ஹைட்ஸில் வைத்துப் பார்த்தால் அது ஒரு இடத்தில் தடுக்குகிறது. விலை குறைவாக இருப்பதற்கு வெள்ளை வாடிக்கையாளரின் மனசு காரணம் என்றால், வெள்ளை வாடிக்கையாளர் அதிகம் இல்லாத கடையில் விலை ஏன் குறைவு? அங்கே சாப்பிடுவது டாக்ஸி ஓட்டுகிறவர், முதியோரைப் பார்த்துக்கொள்ளும் பெண், அடுத்தவர் குழந்தையை வளர்க்கும் ஆயா, நகப்பூச்சுக் கடையில் வேலை பார்ப்பவர். சமைக்கிறவரும் சாப்பிடுகிறவரும் ஒரே வருமானக்காரர்கள். மோமோவுக்கு இரண்டு டாலர் ஏற்றினால் மனம் புண்படுவது மான்ஹாட்டன் விமர்சகருக்கு அல்ல, பக்கத்துத் தெரு அக்காவுக்கு. ஆக மதிப்புப் படிநிலை என்ற விளக்கம் கூடவே கூலி என்ற விளக்கமும் தேவை. சகாட் வழிகாட்டி பார்க்காத கடைகளில் அது இன்னும் அதிகமாகத் தேவை. ரே இதை மறுக்க மாட்டார் என்றே நினைக்கிறேன், அவருடைய கண் இருந்தது வேறு மேஜையில்.

இன்னொரு காரணியையும் சேர்க்கலாம்: பின்னால் அரசாங்கம் நிற்கிறதா இல்லையா. தாய்லாந்து அரசு 2002-இல் 'குளோபல் தாய்' என்ற திட்டம் போட்டு வெளிநாடுகளில் தாய் உணவகங்களைப் பெருக்கப் பண உதவியும் வழிகாட்டுதலும் செய்தது. உலகம் முழுக்கப் பல தாய் கடைகளில் மெனு ஒன்றுபோல இருப்பதற்கு அதற்கும் பங்கு உண்டு. 2009 வாக்கில் கொரியாவும் இதே வழியில் இறங்கியது. குயின்ஸின் தாய் கடைகள் இந்தக் கதைக்குக் கொஞ்சம் வெளியே நிற்பவை என்பதுதான் சுவாரஸ்யம். உட்சைடின் 'ஸ்ரீபிரபாய்' 1990-இலேயே வந்துவிட்டது. எல்ம்ஹர்ஸ்டில் புத்த கோவிலைச் சுற்றி வளர்ந்த கடைகள் முதலில் தாய் மக்களுக்கே சமைத்தன, அதனால்தான் அங்கே காரம் குறைக்காமல் கிடைக்கிறது. திபெத்துக்கோ அரசாங்கமே இல்லை. பணம் தருவார், தரச்சான்று தருவார், தூதரக விருந்தில் மோமோ வைப்பார் என்று யாரும் இல்லை. அப்படியிருந்தும் மோமோ அந்த வட்டாரத்தின் அடையாளமாகிவிட்டது. 2010-களில் 'மோமோ கிரால்' என்று ஒரு நாள் முழுக்கக் கடைக்கு ஒரு மோமோ சாப்பிட்டு நடக்கும் விழாவே வந்துவிட்டது. விழாவில் தப்பில்லை, கடைக்காரர்களுக்கு ஒரு நாள் நல்ல கல்லா. ஆனால் மோமோக்களுக்கு 'எது பெஸ்ட்' என்று மார்க் போடும்போது, திபெத்தியருக்கும் நேபாளிக்கும் இடையிலுள்ள எல்லா வேறுபாடும் மாவின் தடிமனாகச் சுருங்கிவிடுகிறது.

இந்த வட்டாரத்தைப் பற்றிய எழுத்திலேயே என்னை அதிகம் உறுத்துவது 'மறைவான கடை' மோகம். 'லாசா ஃபாஸ்ட் ஃபுட்' என்ற கடை பிரபலமானது மோமோவால் மட்டும் இல்லை. செல்போன் கடைக்குள் நுழைந்து, நடையைத் தாண்டி, பின்பக்கம் போனால் தலாய் லாமா படத்துக்குக் கீழே நாலைந்து மேஜை. இதைக் கண்டுபிடித்ததை எழுதாத உணவு எழுத்தாளர் அந்தக் காலத்தில் இல்லை. ரகசியக் கதவு, புதையல் என்றெல்லாம் எழுதினார்கள். செல்போன் கடைக்குப் பின்னால் ஏன் அடுப்பு வைக்கிறார்கள்? முன்பக்க வாடகை கட்டுபடியாகாது. ஒரே கடையை நீளவாக்கில் மூன்றாக நாலாகப் பிரித்து, சிம் கார்டு ஒருவர், நகை ரிப்பேர் ஒருவர், சாப்பாடு ஒருவர் என்று பகிர்ந்துகொள்வது அங்கே வழக்கம். வாடகை நெருக்கடியை வாசகருக்குச் சாகசமாக விற்கிறோம் என்ற உணர்வு எழுதுகிறவருக்குக் கொஞ்சமாவது இருக்க வேண்டாமா?

தள்ளுவண்டிக்கும் இதே கதை. நியூயார்க் நகரம் உணவு வண்டிகளுக்கான அனுமதிகளை 1983-இல் சுமார் மூவாயிரம் என்று கட்டிப்போட்டது. மக்கள் வந்துகொண்டே இருந்தார்கள், அனுமதி கூடவில்லை. விளைவு, அனுமதி வைத்திருப்பவர் அதைக் கள்ளத்தனமாக வாடகைக்கு விடுவார், வண்டி தள்ளுகிறவர் இரண்டு வருடத்துக்குப் பல ஆயிரம் டாலர் அவருக்குக் கட்டுவார். 2021-இல் ஒரு சட்டம் போட்டு ஆண்டுக்கு 445 வீதம் பத்து வருடத்துக்குப் புது உரிமங்கள் தருவதாகச் சொன்னார்கள். இதற்கு நடுவே 2024 அக்டோபரில் ரூஸ்வெல்ட் அவென்யூவைச் 'சீரமைக்கிறோம்' என்று நகர நிர்வாகம் போலீஸை இறக்கியது, அனுமதி இல்லாத வியாபாரிகளும் அந்த வலையில் விழுந்தார்கள். புச்கா தட்டின் விலையில் இதெல்லாம் அடக்கம். வீடியோவில் 'வெறும் இத்தனை டாலர்தான் மக்களே' என்று கத்தும்போது இதில் ஒரு சென்ட்டாவது கணக்கில் வருவதில்லை.

மரியாதையாகச் சொல்ல வேண்டியவர்களும் இருக்கிறார்கள். 1997-இல் தொடங்கிய சௌஹௌண்ட் தளத்தில் குயின்ஸைத் தெருத் தெருவாகச் சலித்தவர்கள் கடையின் முகவரியோடு சமையல்காரர் எந்த ஊர், எந்த நாள் என்ன செய்வார் என்பதையும் எழுதினார்கள். 'வில்லேஜ் வாய்ஸ்' பத்திரிகையில் ராபர்ட் சீட்செமா இருபது வருடம் எழுதியதும் அந்த வகை. ஒரு பண்டம் எங்கிருந்து எப்படி வந்தது என்ற கேள்வி அவர்களுக்கு இருந்தது. அவர்களையும் 'மலிவு' என்ற சொல் பிடித்தாட்டியது என்பது உண்மை, ஆனால் ஆட்களைப் பார்த்தார்கள். இன்றைய வீடியோவில் கடைக்காரர் இரண்டு வினாடி சிரிப்பார், அப்புறம் சீஸ் இழுபடும்.

கையைப் பற்றி ஒன்று. 'ஆசிய' உணவகத்தின் சமையலறையில் இருப்பவர்கள் எல்லாம் ஆசியர் இல்லை. நியூயார்க் சமையலறைகள் பெருமளவு மெக்சிகோக்காரர்களால், அதிலும் பியூப்லா மாநிலத்துக்காரர்களால், ஈக்குவடோர்க்காரர்களால் ஓடுபவை. ரூஸ்வெல்ட் அவென்யூவில் ரயிலுக்குக் கீழே கொஞ்சம் கிழக்கே நடந்தால் அவர்களுடைய ஊர். தந்தூர் அடுப்பில் கை விட்டு நான் எடுக்கும் ஆள் ஸ்பானிஷில் பேசினால் ஆச்சரியப்படாதீர்கள். ரே இதைத் தொடுகிறார், வழிகாட்டிக் கட்டுரைகள் தொடுவதே இல்லை. தொட்டால் 'அசல்' என்ற சொல் கையில் ஒட்டாது.

2020 மார்ச் கடைசியில் எல்ம்ஹர்ஸ்ட் மருத்துவமனையில் ஒரே நாளில் 13 பேர் இறந்த செய்தி உலகம் முழுக்கப் போனது. மருத்துவமனையைச் சுற்றியிருந்த வீடுகளில் யார் இருந்தார்கள் என்று யோசித்தால் போதும். மூட முடியாத வேலை செய்தவர்கள், ஒரே வீட்டைப் பலர் பகிர்ந்துகொண்டவர்கள். செல்போன் கடையைப் பின்னால் பிரித்துக்கொள்ளும் அதே கணக்கு படுக்கையறையிலும் இருந்தது. அந்த மாதங்களில் இந்தக் கடைகளில் சில மூடின, சில வீட்டில் இருப்பவர்களுக்குச் சமைத்து அனுப்பின. பிறகு எழுதப்பட்ட 'குயின்ஸ் திரும்ப எழுந்தது' கட்டுரைகளில் மோமோ மறுபடி வந்துவிட்டது, வீடு வரவில்லை.

நம்ம பக்கத்துக்கு வருகிறேன். நியூயார்க் தமிழருக்குத் தோசை என்றால் ஃப்ளஷிங் பிள்ளையார் கோவில், போன் தெரு, 1977-இல் கும்பாபிஷேகம் ஆன கோவில். அதன் நிலவறைக் கேன்டீனில் மொறுமொறு தோசை இன்றும் மலிவு. கோவிலின் இடம், கோவிலின் கேன்டீன், அதனால் அந்த விலையைத் தெருக்கடையோடு ஒப்பிட முடியாது. இன்னொரு கோடியில் மான்ஹாட்டனின் 'செம்மா'. மதுரைப் பக்கத்துக் கிராமத்தில் வளர்ந்த விஜய் குமார் அங்கே நத்தைப் பிரட்டல் பரிமாறி 2022-இல் மிஷ்லின் நட்சத்திரம் வாங்கினார், 2025-இல் ஜேம்ஸ் பியர்ட் விருதும் வந்தது. வயல் வரப்பில் பொறுக்கிய, ஏழை வீட்டுச் சாப்பாடு என்று வெளியே சொல்லக் கூச்சப்பட்ட நத்தை அந்த இடத்துக்குப் போனது சாதாரண விஷயமில்லை, எனக்கும் சந்தோஷம்தான். ரேயின் படிநிலையில் ஒரு கல்லை அவர் நகர்த்தியிருக்கிறார். ஆனால் நம்மவர்கள் இதை 'தமிழ்ச் சாப்பாடு ஜெயித்தது' என்று பகிரும்போது, கூடவே 74-ஆம் தெருப் பக்கம் போய் தோசைக்கு இவ்வளவா என்று முகம் சுளிப்பதையும் பார்க்கிறேன். நட்சத்திரக் கடையில் விலையைப் பெருமையாகச் சொல்கிறோம், தெருக்கடையில் மலிவைப் பெருமையாகச் சொல்கிறோம். நம்ம ஊர் யூடியூபர்கள் ஜாக்சன் ஹைட்ஸ் போய் எடுக்கும் வீடியோக்களில் இன்னொரு குறை, 'நம்ம டேஸ்ட்' இருக்கிறதா என்று தேடுவது. திமூர் நாக்கை மரக்க வைத்ததும் 'என்னமோ மாதிரி இருக்கு' என்று தட்டைத் தள்ளிவிடுகிறார்கள். அந்த 'என்னமோ மாதிரி'யில் நின்று இரண்டு நிமிடம் பேசியிருந்தால் அதுதான் விமர்சனம்.

போகிறவர்களுக்கு: 'ஈ' ரயிலில் போங்கள், சீக்கிரம். வார நாளில், மதியம் மூன்று மணிக்கு மேல் போனால் கூட்டம் குறைவு, கல்லாவில் இருப்பவருக்குப் பேச நேரம் இருக்கும். எந்த ஊர் என்று நாட்டைக் கேட்காதீர்கள், மாவட்டத்தைக் கேளுங்கள். சில்ஹெட்டா நோவாகாலியா, பொக்ராவா முஸ்டாங்கா என்று கேட்டால் முகம் மாறும், மெனுவில் இல்லாத ஒன்று மேஜைக்கு வரவும் வாய்ப்பு உண்டு. உட்சைடு வரை நடக்கத் தெம்பு இருந்தால் 'எமா தாட்சி' என்ற பூட்டான் கடை, மிளகாயையே காயாக நினைத்துச் சீஸில் வேகவைத்துத் தருவார்கள். காசாகக் கொஞ்சம் எடுத்துப் போங்கள், டிப்ஸைத் தாராளமாக வையுங்கள். லாபிங்குக்கு மிளகாய் எண்ணெயை முதலில் பாதி மட்டும் ஊற்றச் சொல்லுங்கள்.